ஒரே பிளாஸ்மா, மூன்று லேப், மூன்று எண்கள்: ஈவி தரவை எப்படிப் பகிர்வது?

கயல்_ஆய்வு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிஎச்டி நான்காம் வருடம். செல்கள் வெளியே விடும் நுண்பைகளில், நாம் ஈவி என்று சொல்கிறோமே, அதில்தான் வேலை. ரத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, எத்தனை இருக்கிறது என்று என்டிஏ என்ற துகள் எண்ணும் கருவியில் எண்ணி, உள்ளே இருக்கும் புரதத்தையும் சிறு ஆர்என்ஏவையும் பார்க்கிறோம். எங்களோடு வேறு ஊர்களில் இன்னும் இரண்டு லேப் கூட்டு சேர்ந்திருக்கிறது.

கட்டுரையை அனுப்பினோம். மதிப்பீட்டாளர் ஒருவர், மூலத் தரவை எங்கே வைத்திருக்கிறீர்கள், ஈவி-டிராக் (ஈவி ஆய்வுகளின் செய்முறையைப் பதியும் தளம்) எண் எங்கே, துகள் எண்ணிக்கையின் அமைப்புகள் எங்கே என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். என் கைடு, "கடைசி எக்செல் ஷீட்டை சப்ளிமென்ட்டில் போட்டுவிடு, போதும்" என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, நான்கு வருட உழைப்பை இன்னொருவர் எடுத்து முந்திக்கொண்டு எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சரி என்று எக்செல்லைத் திறந்தேன். அங்கேதான் தூக்கம் போயிற்று. தொடக்கத்தில் மூன்று லேப்பும் ஒரே முறையில் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஒரே பிளாஸ்மாக் கலவையைச் சின்னச் சின்ன டியூபில் பிரித்து, உலர்பனிக்கட்டியில் வைத்து மூன்று இடத்துக்கும் அனுப்பியிருந்தோம். அந்த ஒரே பிளாஸ்மாவுக்கு எங்கள் லேப் எழுதிய எண் சுமார் 20 கோடி. இரண்டாவது லேப் எழுதியது சுமார் 1,000 கோடி. மூன்றாவது 30,000 கோடி. மூன்றுக்கும் மேலே தலைப்பு ஒன்றுதான்: "துகள்கள்/மிலி". இரண்டு வருடமாக இந்த ஷீட் மூன்று லேப்புக்கும் போய் வந்துகொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும்தான். அந்தந்த லேப்பின் எண்ணை அந்தந்த லேப்பின் கன்ட்ரோலோடு மட்டும் ஒப்பிட்டதால் தெரியவே இல்லை.

என் கேள்விகள்: இப்படி ஆளுக்கொரு எண் இருக்கும்போது எதைப் பகிர்வது? எங்கே வைப்பது? இதற்கென்று எல்லோரும் ஒத்துக்கொண்ட வடிவம் ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு லேப்பும் தன் இஷ்டத்துக்குத்தான் செய்கிறதா? கைடிடம் பேச எனக்கு உறுதியான காரணங்கள் வேண்டும்.

---

பெல்லட் எழுதியது:

கயல், முதலில் எதையும் அப்லோட் செய்யாதீர்கள். பகிர்வதும் தரப்படுத்துவதும் அப்புறம். அந்த மூன்று எண்ணுக்கும் நடுவே பெரும்பாலும் உயிரியல் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன், இதே சிக்கலைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மிலி பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, துகள்களை அளவு வாரியாகப் பிரிக்கும் குழாயில் விட்டு, ஈவி வரும் பகுதிகளைச் சேர்த்து, கடைசியில் 100 மைக்ரோலிட்டராகச் சுருக்குகிறீர்கள். என்டிஏவுக்கு அது அடர்த்தி அதிகம், அதனால் 500 மடங்கு நீர்க்கச் செய்து ஊசியில் ஏற்றுகிறீர்கள். கருவி, மில்லிலிட்டருக்கு 20 கோடி என்கிறது. இது நீர்த்த திரவத்தின் எண். 500ஆல் பெருக்கினால் 10,000 கோடி. இது சுருக்கிய திரவத்தின் எண். ஆனால் உங்களிடம் அந்தத் திரவம் இருப்பதே 100 மைக்ரோலிட்டர்தான், ஆக மொத்தத் துகள்கள் 1,000 கோடி. அது வந்தது 1 மிலி பிளாஸ்மாவிலிருந்து, எனவே பிளாஸ்மாவுக்கு மில்லிலிட்டருக்கு 1,000 கோடி. பாருங்கள், ஒரே அளவீடு, 20 கோடி, 10,000 கோடி, 1,000 கோடி என்று மூன்று பதில். மூன்றுமே "துகள்கள்/மிலி". மூன்றுமே சரி. எதன் மில்லிலிட்டர் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

உங்கள் எண்களில் இரண்டு நான் போட்ட கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன. மூன்று லேப்பின் நோட்டையும் கேட்டு வாங்கி, எடுத்த பிளாஸ்மா எவ்வளவு, கடைசிக் கன அளவு எவ்வளவு, எத்தனை மடங்கு நீர்த்தார்கள் என்று மூன்றே மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள். மீதியை அதற்கப்புறம் பேசலாம்.

வடிவம் இருக்கிறதா என்று கேட்டீர்கள், இருக்கிறது. ஐசெவ் என்ற சர்வதேசச் சங்கம் மைசெவ் வழிகாட்டுதலை 2014இல் முதலில் வெளியிட்டது, 2018இல் புதுப்பித்தது, அதன் பிறகு மைசெவ் 2023. என்ன அளந்தாய், எப்படி அளந்தாய், எந்தக் கன்ட்ரோல் வைத்தாய் என்பதை எழுது என்பதுதான் அதன் சாரம். ஈவி-டிராக், பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, 2017இல் கட்டுரையாக வெளியானது. அதற்காக அவர்கள் 1,226 கட்டுரைகளைப் படித்துப் பார்த்தபோது ஈவியைப் பிரிக்க மட்டும் 190 விதமான முறைகள் கிடைத்தன. முறைகள் இத்தனை இருப்பது தப்பில்லை. அதே முறையை இன்னொருவர் திரும்பச் செய்யத் தேவையான விவரம் பல கட்டுரைகளில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

உதாரணத்துக்கு, மையவிலக்குக் கருவியில் சுழற்றி ஈவியை அடியில் படியவைக்க "1,00,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசையில்) 70 நிமிடம்". எத்தனை கட்டுரையில் படித்திருப்பீர்கள்! இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. டியூபைப் பிடித்துச் சுழலும் ரோட்டர் எது? 70 டிஐ என்ற சாய்கோண ரோட்டரின் கே-ஃபேக்டர் முழு வேகத்தில் 44, எஸ்டபிள்யூ 32 டிஐ என்ற ஆடும் வாளி ரோட்டரின் கே-ஃபேக்டர் 204. கே சிறியதாக இருந்தால் துகள் சீக்கிரம் அடியில் படியும். அதே ஜி, அதே நிமிடம், ஆனால் ஒருவருக்கு முழுதும் படிந்திருக்கும், இன்னொருவர் பாதியை மேல்திரவத்தோடு கொட்டியிருப்பார். எங்கள் லேப்பில் ஒரு முறை ரோட்டர் பழுதாகி இன்னொன்றை மாட்டினோம், நோட்டில் "வழக்கம்போல்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், அந்த மாதத்து விளைச்சல் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. ரோட்டர் பெயர், டியூப் வகை, வேகம், நேரம், வெப்பநிலை, கே-ஃபேக்டர், இவ்வளவும் எழுதுங்கள். ஒரு நிமிட வேலை.

---

மருதம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், எனக்கு இந்தத் தரப்படுத்தும் பேச்சே கொஞ்சம் உறுத்துகிறது. எல்லோரும் ஒரே மாதிரி செய், ஒரே பட்டியலை நிரப்பு என்றால் புதிதாக யார் எதைக் கண்டுபிடிப்பது? 2018இல் எக்சோமியர் என்று 50 நானோமீட்டருக்கும் சிறிய, சவ்வே இல்லாத துகளைக் கண்டார்கள். 2021இல் சூப்பர்மியர் வந்தது. எல்லோரும் பெல்லட்டை (அடியில் படிந்ததை) எடுத்துக்கொண்டு மேலே இருப்பதைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, கொட்டுகிற திரவத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் பார்த்ததால்தானே சூப்பர்மியர் கிடைத்தது? சின்ன லேப்களுக்கு இந்தப் பட்டியல்கள் பாரம் வேறு. எங்களிடம் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடையாது, வெளியே காசு கொடுத்துத்தான் எடுக்கிறோம்.

---

பெல்லட் எழுதியது:

மருதம், நல்ல கேள்வி. ஆனால் செய்முறையை ஒன்றாக்குவது வேறு, செய்ததை எழுதும் விதத்தை ஒன்றாக்குவது வேறு. மைசெவ் இந்த முறையில்தான் பிரிக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எக்சோமியரையும் சூப்பர்மியரையும் இன்றைக்கு மற்றவர்கள் எடுத்துப் பார்க்க முடிகிறது என்றால், எந்தத் திரவத்தை எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் சுழற்றினார்கள் என்று அந்தக் கட்டுரைகளில் விவரமாக எழுதியிருந்ததால்தான்.

அது மட்டுமில்லை, இந்தச் சவ்வில்லாத துகள்களுக்கு இடம் கொடுத்ததே தரப்படுத்தும் பக்கத்து ஆட்கள்தான். மைசெவ் 2023இல், செல்லுக்கு வெளியே இருக்கும் துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர், அதற்குள் சவ்வோடு இருப்பவை ஈவி, சவ்வில்லாதவை தனி வகை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வெசிக்கிள்பீடியா என்ற தரவுத்தளம் 2012இல் வெறும் நுண்பைகளுக்காகத் தொடங்கியது, 2024 பதிப்பில் பெயரிலேயே இந்தத் துகள்களையும் சேர்த்துக்கொண்டது. பெயர் சரியாக இல்லாமல் தரவு சேர்த்து என்ன பயன்? பழைய கட்டுரைகளில் 1,00,000 ஜியில் படிந்ததெல்லாம் எக்சோசோம், அதாவது செல்லின் உள்ளே உருவாகி வெளியேறும் ஈவி வகை. செல்லின் உள்ளே எந்த வழியில் உருவானது என்று நிரூபிக்காமலேயே அந்தப் பெயரை வைத்தார்கள், நானும் வைத்தேன். இப்போது அந்த ஆயிரக்கணக்கான பட்டியல்களைப் பார்க்கிறவருக்கு எது எது என்று தெரியாது.

பாரம் என்று சொன்னது உண்மை. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஈவி-டிராக் விழுக்காடு கொஞ்சம் குறையும், குறையட்டும். மறைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

---

சிதறொளி எழுதியது:

கணக்கைச் சரிசெய்த பிறகும் கயலுக்கு வித்தியாசம் முழுதும் போகாது என்று நினைக்கிறேன். நான் கருவிப் பக்கத்து ஆள், ஃப்ளோ சைட்டோமெட்ரியும் (துகள்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓடவிட்டு அளப்பது) என்டிஏவும் பார்க்கிறேன், அந்த மிச்சம் எங்கிருந்து வரும் என்று சொல்கிறேன்.

என்டிஏ என்ன செய்கிறது? லேசர் பட்டு மின்னும் புள்ளிகளை வீடியோ எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக அலைகிறது என்று பார்த்து, அதிலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. மின்னாத புள்ளி அதற்கு இல்லை. கேமரா உணர்திறனை ஒரு படி ஏற்றினால் இல்லாத துகள் திடீரென்று இருக்கும். எதைப் புள்ளி என்று ஏற்பது என்ற வரம்பை, கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பார்த்து வைக்கிறார். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் என்றால் ஒரே டியூபுக்கு வேறு எண் வரலாம். ஈவியில் 60, 70 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் தெரிவதே இல்லை, அதனால் "எங்கள் ஈவியின் சராசரி அளவு 110" என்று எழுதும்போது அதில் பாதி கருவியின் கண்பார்வையைப் பற்றிய செய்தி.

இன்னொன்று, என்டிஏவுக்குக் கொழுப்புத் துகளுக்கும் ஈவிக்கும் வித்தியாசம் தெரியாது. பிளாஸ்மாவில் ஈவியைவிட, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்கள் பல்லாயிரம் மடங்கு அதிகம். எல்டிஎல் 20, 25 நானோமீட்டர்தான், கண்ணில் படாமல் போய்விடலாம். சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தவரின் கைலோமைக்ரான் (உணவுக் கொழுப்பைச் சுமக்கும் பெரிய துகள்) அப்படியில்லை, அது ஈவியின் அளவிலேயே இருக்கும், பிரித்தெடுக்கும்போது கூடவே வரும், நன்றாக மின்னும். அதனால் வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்பது தரவுத் தாளில் இருந்தே ஆக வேண்டும். அதே மாதிரி எந்த ரத்த டியூப், எடுத்து எத்தனை மணி நேரத்தில் சுழற்றினார்கள், ஒரு முறையா இரு முறையா. ஒரே முறை லேசாகச் சுழற்றி உறைய வைத்தால் மிச்சமிருக்கும் தட்டணுக்கள் உருகும்போது உடைந்து புதுத் துகள்களைக் கொட்டும். 1967இல் பீட்டர் வுல்ஃப் பிளாஸ்மாவில் இவற்றைப் பார்த்துவிட்டுத் தட்டணுத் தூசி என்றார். நீங்கள் உறைபெட்டியில் தயாரித்த தூசியை நோயாளியின் தூசி என்று எண்ணிவிடக் கூடாது. ரத்தத்துக்கென்றே இந்த விவரங்களைக் கேட்கும் எம்ஐபிளட்-ஈவி என்ற படிவம் 2023இல் வந்திருக்கிறது, அதை எடுத்து நிரப்புங்கள்.

ஃப்ளோ செய்கிறவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பாலிஸ்டைரீன் மணிகளை ஓடவிட்டு, 100 நானோமீட்டர் மணி விழுந்த இடத்தில் கோடு போட்டு, இதற்கு மேலே இருப்பதெல்லாம் 100க்கு மேற்பட்ட ஈவி என்று எழுதாதீர்கள். பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.6 பக்கம், ஈவியுடையது 1.4 பக்கம். அந்த மணி அளவுக்கு ஒளியைச் சிதறடிக்க ஈவி அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சிதறலைக் கணக்கிட்டு அளவாக மாற்ற எஃப்சிஎம்பாஸ் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. ஒளிர்வை "கருவி அலகு" என்று விடாமல் நிலையான ஒளிர்ம அலகாக மாற்றுங்கள். அப்போதுதான் உங்கள் 500ஐ என் 500ஓடு வைத்துப் பார்க்க முடியும். இதற்கான அறிக்கைச் சட்டகம் மிஃப்ளோசைட்-ஈவி, 2020இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, வெறும் பஃபர், பஃபரும் ஆன்டிபாடியும் மட்டும், டிடர்ஜென்ட் போட்ட மாதிரி, அடுத்தடுத்த நீர்த்தல் என்று எல்லாக் கன்ட்ரோலையும் கேட்பதுதான். சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட் போட்டும் துகள் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் ஈவி இல்லை. பாதியாக நீர்த்தும் எண்ணிக்கை பாதியாகவில்லை என்றால் பல துகள்கள் சேர்ந்து ஒன்றாகப் பதிவாகின்றன.

கயல், நீங்கள் கேட்க வேண்டியது: மூன்று லேப்பின் கேமரா அமைப்பு, கண்டறியும் வரம்பு, லேசரின் நிறம், மென்பொருள் பதிப்பு, எத்தனை வீடியோ, எத்தனை நொடி, வெப்பநிலை. அப்புறம் முக்கியமாக, நீர்க்கச் செய்யப் பயன்படும் உப்புக் கரைசலான பிபிஎஸ்ஸை மட்டும் ஓட்டிய வீடியோ இருக்கிறதா? பல லேப்பில் அதை ஓட்டுவதே இல்லை.

---

கயல்_ஆய்வு எழுதியது:

பெல்லட் அண்ணா (அண்ணாவா அக்காவா தெரியவில்லை, தவறாக இருந்தால் சொல்லுங்கள்), சிதறொளி, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாளாக நோட்டுப் புத்தகங்களோடுதான் இருந்தேன்.

நீங்கள் சொன்னதுதான். எங்கள் லேப் கருவி காட்டிய 20 கோடியை அப்படியே எழுதியிருக்கிறது, நீர்த்த அளவு அடுத்த நெடுவரிசையில் தனியாக இருக்கிறது, பெருக்கவே இல்லை. இரண்டாவது லேப் பிளாஸ்மாவுக்கு மாற்றி எழுதியிருக்கிறது. மூன்றாவது லேப் சுருக்கிய திரவத்துக்கு எழுதியிருக்கிறது, அவர்களுடைய கடைசிக் கன அளவும் 100 மைக்ரோலிட்டர்தான். எல்லாவற்றையும் 1 மிலி பிளாஸ்மா என்ற ஒரே அடிக்குக் கொண்டுவந்ததும் முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன, 1,000 கோடி பக்கம். அந்த எக்செல் கட்டத்தில் பெருக்கல் விழுந்ததும் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது மட்டும் 3,000 கோடியில் நிற்கிறது, மூன்று மடங்கு. சிதறொளி சொன்னபடி கேட்டேன். அவர்களுடைய கேமரா அமைப்பு எங்களுடையதைவிட இரண்டு படி அதிகம். வெறும் பிபிஎஸ் வீடியோ அவர்களிடம் இல்லை, இன்று ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதிலேயே துகள்கள் தெரிகின்றன. வடிகட்டாத பிபிஎஸ். எங்கள் லேப்பில் வடிகட்டித்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் அதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போது கேள்வி பகிர்வதைப் பற்றி. வீடியோக்களையும் வைக்க வேண்டுமா? மொத்தம் பல ஜிபி வருகிறது. கைடின் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? நோயாளிகளின் மாதிரியும் இருக்கிறது.

---

ஏடகம் எழுதியது:

வணக்கம் கயல். நான் ஆய்வுத் தரவைப் பேணும் வேலையில் இருக்கிறேன், ஈவி நிபுணர் இல்லை, ஆனால் உங்களைப் போன்றவர்களின் கோப்புகளைத் தினமும் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது, தேடவும் வேண்டாம். புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் கருவியின் மூலக் கோப்பு பிரைடு என்ற புரதத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகட்டும். ஆர்என்ஏ எண்ணிக்கை அட்டவணை ஜியோ என்ற மரபணுத் தரவுக் களஞ்சியத்துக்கு. எப்படிப் பிரித்தீர்கள் என்ற செய்முறை விவரம் ஈவி-டிராக்குக்கு, அதைக் கட்டுரை வெளியாகும் முன்பே கொடுத்து எண் வாங்கலாம், மதிப்பீட்டாளர் மட்டும் பார்ப்பார், கட்டுரை வந்த பிறகுதான் எல்லோருக்கும் திறக்கும். இதை உங்கள் கைடிடம் முதலில் சொல்லுங்கள். முந்திக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு நேர் பதில் அதுதான். பிரைடும் ஜியோவும் அப்படித்தான், வெளியாகும்வரை பூட்டி வைத்திருக்கும்.

வீடியோ, ஃப்ளோவின் எஃப்சிஎஸ் கோப்பு, நுண்ணோக்கிப் படம் எல்லாம் செனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும். வீடியோவை வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். எல்லாம் இல்லாவிட்டாலும் அந்தப் பொதுப் பிளாஸ்மாவின் மூன்று லேப் வீடியோக்களும், பிபிஎஸ் வீடியோக்களும் கட்டாயம். நாளைக்கு ஒருவர் வரம்பை ஒரே மாதிரி வைத்து மூன்றையும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். கருவி தரும் பிடிஎஃப் அறிக்கையிலிருந்து அதைச் செய்ய முடியாது. கருவிக்கே உரிய கோப்பு வடிவத்தோடு சிஎஸ்வியாகவும் ஒரு நகல் வையுங்கள், பத்து வருடம் கழித்து அந்த மென்பொருள் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நோயாளி விஷயத்தில் கவனம். சிறு ஆர்என்ஏ வரிசையாக இருந்தாலும் அதன் மூலக் கோப்பில் அந்த நபரின் மரபு வேறுபாடுகள் தெரிய வரலாம். ஒப்புதல் படிவத்தில் தரவுப் பகிர்வுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எண்ணிக்கை அட்டவணையைத் திறந்தும், மூலக் கோப்பை அனுமதி கேட்டுப் பெறும் களஞ்சியத்திலும் வையுங்கள், ஈஜிஏ மாதிரி. இந்தியாவில் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் 2021இல் வந்த பயோடெக்-பிரைடு வழிகாட்டுதலையும் படியுங்கள். ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரிலிருந்து திறந்திருக்கிறது, வரிசைத் தரவை அங்கேயும் கொடுக்க வேண்டியிருக்கலாம். ரத்தம் எடுத்த தேதி, மருத்துவமனை எண் இதெல்லாம் எக்செல்லின் மறைந்த நெடுவரிசையில் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு ஷீட்டையும் திறந்து பாருங்கள். கோப்புப் பெயரில்கூட நோயாளியின் முதலெழுத்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பகிர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கைடு கேட்டால் ஆர்என்ஏ பக்கத்திலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் என்ஐஎச் 2013இல் தொடங்கிய கூட்டமைப்பு, செல்லுக்கு வெளியே இருக்கும் ஆர்என்ஏவுக்கு ஓர் அட்லஸ் கட்டியது. 2019இல் 19 ஆய்வுகளின் 5,309 மாதிரித் தரவுகளை ஒரே வழியில் மறுபடி அலசி, உடல் திரவங்களில் ஆறு விதமான ஆர்என்ஏச் சுமைகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். நுண்பையில் வருவது, லிப்போபுரதத்தில் வருவது, புரதத்தோடு ஒட்டி வருவது என்று. அந்த 19இல் எந்த ஒரு ஆய்வும் தனியாக இதைச் சொல்லியிருக்க முடியாது. பிளாஸ்மாவின் மைக்ரோ ஆர்என்ஏவில் பெரும்பகுதி நுண்பைக்குள் இல்லை, ஆகோ2 புரதத்தோடு இருக்கிறது என்று 2011இலேயே ஒரு கட்டுரை காட்டிவிட்டது, இருந்தும் பல பட்டியல்களில் அது எக்சோசோம் ஆர்என்ஏ என்றே இருக்கிறது.

---

பெல்லட் எழுதியது:

அக்காதான், கயல். பரவாயில்லை.

ஏடகம் கடைசியாகச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்களிடம் புரதப் பட்டியலும் இருக்கிறது. எல்லோரும் செய்வதுபோல அதை ஜீன் ஆன்டாலஜியில் (புரதங்களை வகைப்படுத்தும் சொற்பட்டியலில்) போட்டு, "எக்சோசோம்" என்ற சொல் மிகச் சிறிய பி மதிப்போடு மேலே வந்தது, ஆகவே எங்கள் தயாரிப்பு சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல்லின் கீழே இருக்கும் புரதங்களில் பெரும்பங்கு, முன்பு இதே மாதிரி பெல்லட்டை மாஸ் ஸ்பெக்கில் போட்டவர்களின் பட்டியலிலிருந்து போனவை. அவர்களுடைய பெல்லட்டில் ஆல்புமின் இருந்தால் ஆல்புமினும் அங்கே இருக்கும். நாம் கொடுத்ததையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. சுத்தத்தைக் காட்ட, இருக்கக் கூடாத புரதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள், லிப்போபுரதங்களின் அப்போபி, அப்போஏ1, அப்புறம் ஆல்புமின். அவை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள், பிளாஸ்மாவில் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும்.

இதே காரணத்தால் துகள்–புரத விகிதத்தையும் பிளாஸ்மாவில் நான் நம்புவதில்லை. ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடித் துகளுக்கு மேல் என்றால் சுத்தம் என்று 2013இல் வந்த அளவுகோலை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கொழுப்புத் துகள் நிறைய இருந்தாலும் அந்த எண் அழகாகத்தான் வரும். விகிதமாக மட்டும் கொடுக்காமல் துகள் எண்ணையும் புரத அளவையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். வகுக்க வேண்டியவர்கள் வகுத்துக்கொள்வார்கள்.

---

மருதம் எழுதியது:

நான் சொன்னதை ஓரளவு திரும்பப் பெறுகிறேன். கயலின் பெருக்கலைப் படித்துவிட்டு எங்கள் பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தேன், 2021 வரை தலைப்பில் "கான்ஸ்" (அடர்த்தி) என்று மட்டும்தான் இருக்கிறது, எதன் கான்ஸ் என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை, அந்த வேலையைச் செய்த பெண் படிப்பை முடித்துப் போய்விட்டார். அவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், இதையெல்லாம் கடைசியில் உட்கார்ந்து நிரப்பினால் நடக்காது போலிருக்கிறதே, நீங்கள் எல்லாம் எப்போது எழுதுகிறீர்கள்?

---

சிதறொளி எழுதியது:

கருவியில் இருந்து எழும் முன். நான் என்டிஏ பக்கத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், பன்னிரண்டு கட்டம், நிரப்பினால்தான் அடுத்தவருக்குக் கருவி. தொடக்கத்தில் திட்டினார்கள், இப்போது பழகிவிட்டது. முக்கியமாக மூன்றாவது கட்டம், "எண் எதற்கு: நீர்த்ததற்கா, சுருக்கியதற்கா, மூல திரவத்துக்கா". அதில் வட்டம் போட இரண்டு நொடிதான் ஆகும்.

---

கயல்_ஆய்வு எழுதியது:

கைடிடம் பேசினேன். ஈவி-டிராக் வெளியாகும்வரை பூட்டியிருக்கும் என்றதும் பாதி சமாதானமாகிவிட்டார். மீதிப் பாதிக்கு அந்த ஷீட்டைக் காட்டினேன், பழைய மூன்று எண்ணும் பக்கத்தில் திருத்திய மூன்று எண்ணும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பழைய நெடுவரிசையையும் அழிக்காதே, அதையும் சேர்த்தே போடு, எப்படி மாற்றினோம் என்று தெரியட்டும்" என்றார்.

மூன்றாவது லேப், மீதமிருக்கும் பொதுப் பிளாஸ்மாவிலிருந்து வடிகட்டிய பிபிஎஸ்ஸில், எங்கள் கேமரா அமைப்பில் மறுபடி அளக்க ஒத்துக்கொண்டது. எங்கள் உறைபெட்டியில் அந்தக் கலவையின் நான்கு டியூப் இருக்கிறது, ஒரு முறைகூட உருகாதது. இரண்டை நாளைக்கு அனுப்புகிறேன். ஒப்புதல் படிவத்தில் பகிர்வுக்கான வரி இருக்கிறது, ஆனால் முதல் 18 பேருடைய பழைய படிவத்தில் இல்லை, அவர்களுடைய மூலக் கோப்பு அனுமதி கேட்டுப் பெறும் இடத்துக்குப் போகும்.

சிதறொளி, அந்தப் பன்னிரண்டு கட்டத்தின் படத்தை இங்கே போட முடியுமா? மூன்று லேப்பிலும் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். பதின்மூன்றாவதாக "பிபிஎஸ் வடிகட்டியதா" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாமா?